சொல்லாத வரம்

தெரு முனையில் குழி தோண்டி ஆமணக்குக் கொம்பை நட்டாகிவிட்டது என்ற சேதி வந்தபோது மாணிக்கவாசகம் விறகுத் தொட்டியின் பின்பக்கம் சவுக்குக் கட்டைகளைப் பிளந்துகொண்டிருந்தான். சேதியைக் கொண்டு வந்தவர் தாண்டவராயன். தெருவுக்குப் பெரியதனம் அவர்தான். சாவோ கல்யாணமோ அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதோ, எதுவானாலும் அவர் வாயிலிருந்துதான் முதல் வார்த்தை புறப்பட வேண்டும். மரச்சிராய்களை மிதித்துக்கொண்டு வந்து, அடுக்கி வைத்திருந்த கட்டைகளின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

“காமன் நட்டாச்சி, மாணிக்கம். யுத்தம் யுத்தம்னு ரெண்டு வருசம் உட்டுட்டோம். இந்த வருசம் உடக்கூடாது. நீதான் ஈஸ்வரன் கட்டணும்.”

“என்னால ஆவாது பெரியவரே. வேற யாரையாவது பாருங்க.”

“ஏன் ஆவாது? ரங்கூனுக்குப் போறதுக்கு மின்ன ஆறு வருசம் நீதானே கட்டினே?”

“அப்போ வெள்ளைத்துரை இருந்தான்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. கோடரியை ஓங்கியபடியே நின்றுவிட்டான். தாண்டவராயன் வெற்றிலைப் பையைத் திறந்த கையோடு அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“இருந்தான் இன்னா, இருந்தான்? வந்துருவான் வந்துருவான்னு ரெண்டு வருசமா நீதானே சொல்லிகினு கீறே?”

“அதத்தான் சொன்னேன். அப்போ இங்க இருந்தான்னு.”

தாண்டவராயன் வெற்றிலைப் பையை மூடினார். யோசித்துச் சொல் என்று எழுந்து போனார். அவர் தலை மறைந்த பிறகும் மாணிக்கவாசகத்தால் கோடரியைக் கட்டையில் இறக்க முடியவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் அந்தத் தெருவின் காமன் பண்டிகைக்குக் கூவத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனம் வரும். மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் ஆமணக்கும் கரும்பும் வைக்கோல் பிரியும் சேர்த்துக் காமனைக் கட்டி நிறுத்துவார்கள். அதிலிருந்து பௌர்ணமிவரை ஒவ்வொரு சாயங்காலமும் லாவணி. காமன் எரிந்து சாம்பலாகவே போனான் என்று ஒரு கட்சி பாடும். எரிந்தது உடம்புதான், காமன் எரியவில்லை என்று எதிர்க்கட்சி டேப்புப் பறையைத் தட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கும். பௌர்ணமியன்று ஈஸ்வரன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். கயிற்றில் கட்டிய வாணம் சீறிக்கொண்டு போய்க் காமன்மேல் விழ, பக்கத்தில் நிற்கும் மன்மத வேஷக்காரன் சுருண்டு விழுவான். அவனை வெள்ளைத் துணியால் மூடிவிடுவார்கள். ரதி மார்பில் அடித்துக்கொண்டு வந்து ஈஸ்வரனிடம் மாங்கல்யப் பிச்சை கேட்பாள். மூன்றாம் நாள் உன் புருஷன் எழுந்து வருவான், ஆனால் உன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்று ஈஸ்வரன் வரம் கொடுப்பார். மூன்றாம் நாள் அதே இடத்தில் தண்ணீர் தெளித்து மன்மதனை எழுப்பிப் பாயசம் கொடுத்துப் பண்டிகையை முடிப்பார்கள். ஆறு வருஷம் மாணிக்கவாசகம் ஈஸ்வரன், வெள்ளைத்துரை மன்மதன். ஆறு வருஷமும் அவன் கையால் எரிந்து, அவன் கையால் தண்ணீர் தெளிக்கப்பட்டு எழுந்தவன் வெள்ளைத்துரை.

முப்பத்தெட்டில் இரண்டு பேருமாகக் கப்பலேறினார்கள். ரங்கூனில் ஆற்றோரத்தில் ஒரு மரமறுக்கும் மில்லில் வேலை. ஒரே கொட்டகையில் படுக்கை, ஒரே சட்டியில் சோறு. நாற்பத்தொன்று டிசம்பரில் குண்டு விழுந்தது. மில் எரிந்த மறுவாரம் ஊரோடு ஊராக நடக்கத் தொடங்கினார்கள். புரோம் வரைக்கும் நடந்து, ஐராவதியைப் படகில் தாண்டி, மலைப்பாதையில் ஏறினார்கள். மலையைத் தாண்டினால் கடல், கடலில் கப்பல் என்று சொன்னார்கள். பாதை நெடுகிலும் தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக மனிதர்கள். ஓரத்தில் உட்கார்ந்தவர்கள், படுத்தவர்கள், ஈ மொய்த்தவர்கள். ஏறிய மூன்றாம் நாள் வெள்ளைத்துரைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. அரை நாள் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனான் மாணிக்கவாசகம். பிறகு ஒரு மரத்தடியில் அவனைச் சாய்த்து உட்காரவைத்து, லுங்கியை வெயிலுக்குத் தலைமேல் போட்டுவிட்டு, தகரக் குவளையில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டாங்கச்சியில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தான். ஓடை கண்டதும் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஓடை பொழுது சாய்கிற சமயம் வந்தது. குவளையை நிரப்பவும் செய்தான். அங்கே இருந்த கூட்டம் நாளைக்குக் கப்பல் போய்விடும் என்று பேசிக்கொண்டது. கொஞ்சம் கால் ஆறட்டும் என்று உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். விடிந்ததும் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தான். கால் மலைக்குத் திரும்பவில்லை, கடலுக்கு இறங்கியது. யாரும் அவனைத் தள்ளவுமில்லை, இழுக்கவுமில்லை. நிரப்பிய தண்ணீரை வழியில் அவனே குடித்தான்.

பட்டணத்தில் ரயிலை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது, இப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான். வெள்ளைத்துரையின் மனைவி பங்கஜம் எதிரே ஓடிவந்து அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “பின்னால வராராண்ணா?” என்று கேட்டாள். “ஆமா” என்றான். அந்த ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் அதன்மேல் சுவர் எழுப்பிக்கொண்டே போக வேண்டியிருந்தது. புரோமில் ஆற்றங்கரைக் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம், அவன் வேறு பாதையில் வருகிற கூட்டத்தில் சேர்ந்திருப்பான், மணிப்பூர் வழியாக வந்தால் நாளாகும் என்று, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, சொல்கிறபோது குரல் நடுங்காத அளவுக்குத் தேர்ந்துவிட்டான்.

வந்த வாரமே வெள்ளைத்துரையைப் பார்த்தான். பட்டப்பகலில், கூவம் கரையில் பூவரசமரத்தின் கீழே, தலையில் லுங்கியைப் போட்டுக்கொண்டு, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கிட்டப் போனபோது யாருமில்லை. பிறகு மவுண்ட் ரோட்டில் டிராமுக்குக் காத்திருந்தபோது எதிர்ச்சாரி மரத்தடியில். பிறகு தொட்டியின் பின்பக்கத்து முருங்கையடியில். எங்கே மரம் உண்டோ அங்கே உட்கார்ந்திருக்க அவனுக்கு இடம் உண்டு என்று ஆகிவிட்டது. எழுந்து வருவதில்லை, ஒன்றும் கேட்பதில்லை. காத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஒருநாள் மாணிக்கவாசகம் ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுபோய் முருங்கையடியில் வைப்பதைத் தொட்டி முதலாளி மெஹபூப் பாஷா பார்த்துவிட்டார். “யாருக்குடா?” என்றார். “காக்காய்க்கு பாய்” என்றான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் மாணிக்கவாசகம் பார்த்தபோது லோட்டா காலியாக இருந்தது. காக்கை குடித்திருக்கும், வெயில் குடித்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

காமன் நட்ட ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பங்கஜம் கூடையோடு விறகு வாங்க வந்தாள். ஒரு அச்சாபீசில் அச்சான தாள்களைப் பாரம் பாரமாக மடிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுவதும் காகிதத்தை நீவி நீவி வலது கட்டைவிரல் நகம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, விறகைப் பற்றிப் பேசாமல் நின்றாள்.

“அண்ணா, பைண்டிங்ல தனகோட்டின்னு ஒருத்தர் கீறாரு. சம்சாரம் போயிடுச்சி. எங்க அத்தைகிட்ட மறுபடி ஆளு அனுப்பிச்சாரு.”

மாணிக்கவாசகம் கட்டைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டான். அவர்கள் பக்கத்தில் தாலியை அறுத்து மறுபடி கட்டுவது வழக்கம்தான். முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு அத்தை வழி தேடுவதில் தப்பொன்றும் இல்லை.

“நல்ல மனுசன்தான். ஒரு வார்த்த தப்பாப் பேசினதில்ல. முடியாதுன்னு சொல்லிட்டேன். புருசன் உசிரோட இருக்கறப்போ எப்படி?” கொஞ்சம் நிறுத்தினாள். “உசிரோடதானேண்ணா கீறாரு?”

“பிரியறப்போ நல்லாத்தாம்மா இருந்தான்.”

“அது தெரியும். நூறு தரம் சொல்லிட்டே. நான் அதக் கேக்கல.” தெரு முனையிலிருந்து எவனோ பகலிலேயே டேப்பைத் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “பொழுது சாஞ்சா எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு பாடறாங்க. காதப் பொத்திகினு படுத்துக்கறேன். நீ எந்தக் கட்சிண்ணா?”

அவன் குனிந்தவன் நிமிரவில்லை. கூடை நிறைந்த பிறகும் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பங்கஜம் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு குரலில் பேசினாள்.

“ஈஸ்வரன் கட்ட மாட்டேன்னியாமே. கட்டுண்ணா. மன்மதன் வேசத்த யாருக்கும் குடுக்க வேணாம்னு பெரியவரு கால்ல உழுந்து கேட்டுகினேன். அது அவரு வேசம். காலியா இருக்கட்டும். ஆனா ஈஸ்வரன் நீ கட்டணும். வேற எவனாவது கட்டி எரிச்சா, அவரு வந்து கோச்சுக்குவாரு.”

சரி என்றான். இல்லை என்று அவளிடம் சொல்ல இரண்டாவது முறையும் அவனால் ஆகவில்லை. முதல்முறை சொல்லவேண்டிய இல்லையையே அவன் சொல்லியிருக்கவில்லை.

பௌர்ணமியன்று வழக்கமாகக் காமன் எரிவது நடுநிசி கழிந்துதான். அந்த வருஷம் அது நடக்காது. மெஹபூப் பாஷா அந்த வட்டாரத்துக்கு ஏ.ஆர்.பி. வார்டன், விமானக் குண்டுவீச்சுக் காவலர். முந்தின புரட்டாசியில் துறைமுகத்துப் பக்கம் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போனதிலிருந்து ஜன்னல் விளக்குக்கே கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டியிருந்தது. ஆகாயத்துக்குத் தெரிகிற மாதிரி நெருப்பு வைத்தால் பொறுப்பு தன் தலையில் என்று அவர் தாண்டவராயனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். பொழுதோடு கொளுத்தி, இருட்டு விழுமுன் அணைத்து, ஒரு கங்குகூடக் கண் காட்டாமல் செய்துவிட வேண்டும். சர்க்கார் யுத்தத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்ததால், புது மணிக்கு ஏழு என்று முடிவாயிற்று. தண்ணீர் வாளிகளை அவரே நின்று வரிசையாக வைத்தார். எரிக்கிற விறகும் அவர் தொட்டியிலிருந்துதான் போனது.

சலூன் கிச்சா ரதி கட்டியிருந்தான். மீசையை வழித்து, மஞ்சள் பூசி, யாருடைய கூறைப்புடவையையோ உடுத்தியிருந்தான். மாணிக்கவாசகத்துக்கு உடம்பெல்லாம் விபூதி, தலையில் சணல் சடை, நெற்றியில் குங்குமத்தால் ஒரு கண். பழைய வேஷம்தான், ஆனால் சடையின் கனம் தலையில் ஏறியதும் கழுத்து கூசியது. தெரு முனைக்கு வந்தபோது இறங்கு வெயில் காமன்மேல் பட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளில் ஆமணக்கு இலைகள் வாடித் தொங்கிவிட்டன. கரும்பு வில்லை மாட்டி, ஓலையில் வரைந்த முகத்தைக் கட்டியிருந்தார்கள். மன்மத வேஷக்காரன் நிற்கவேண்டிய இடத்தில் ஆளில்லை. அங்கே ஒரு கோலம் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். கூட்டத்தின் முன்வரிசையில் பங்கஜம் நின்றாள். வெளுத்த நீலப் புடவை, தலையில் பூ, நெற்றியில் அகலமாகக் குங்குமம்.

வாணத்தைப் பற்றவைத்தான். அது கயிற்றில் சீறிக்கொண்டு ஓடிக் காமனின் மார்பில் முட்டியது. வைக்கோல் ஒரு நொடி யோசித்தது போல இருந்தது. பிறகு குப்பென்று பிடித்துக்கொண்டது. ஜனம் கூவியது. ஆமணக்குத் தண்டு பட்பட்டென்று வெடித்தது. புகை தரையோடு படர்ந்து கோலத்தின்மேல் வந்தபோது மாணிக்கவாசகம் அங்கே பார்த்தான். மரமே இல்லாத அந்த இடத்தில், எதிலும் சாயாமல், தலையில் லுங்கியோடு வெள்ளைத்துரை உட்கார்ந்திருந்தான். முதன்முறையாக முகம் தெரிந்தது. கோபமில்லை. வாய் காய்ந்து வெடித்திருந்தது. தன் முறை எப்போது வரும் என்று கேட்கிற வேஷக்காரன் மாதிரி, ஈஸ்வரன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிச்சா மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து காலில் விழுந்தான். நல்ல குரல் அவனுக்கு. தாலிக்கு வழி சொல், தவம் கெடுத்த பாவிக்கு உயிர் கொடு என்று அவன் இழுத்துப் பாடியபோது கூட்டத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பாட்டு முடிந்தது. டேப்பு நின்றது. இப்போது ஈஸ்வரன் கையைத் தூக்கி, அழாதே பெண்ணே, மூன்றாம் நாள் வருவான் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள். அந்த மரத்தடியில் வெள்ளைத்துரை கடைசியாகச் சொன்னதும் அதைத்தான். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்றதற்கு, அவ்வளவு வாந்திக்கும் நடுவில் அவன் சிரித்தான். “மூணாம் நாள் தெளிச்சி எழுப்பிடு, ஈஸ்வரா. மறந்துடாதடா” என்றான். அந்தச் சிரிப்பை மாணிக்கவாசகம் இரண்டு வருஷமாக நினைவுக்கு வரவிடாமல் காலால் மிதித்து வைத்திருந்தான். இப்போது அது மிதித்த இடத்திலிருந்து எழுந்து வந்தது.

கையைத் தூக்கினான். வார்த்தை வரவில்லை.

“அழாதே பெண்ணே,” என்று தாண்டவராயன் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். “மூணாம் நாள்… சொல்லுடா.”

கிச்சா தலையைத் தூக்கிப் பார்த்தான். மறந்துவிட்டான் போல என்று நினைத்துக் கடைசி அடியை மறுபடி பாடினான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாணிக்கவாசகம் நெருப்பைப் பார்க்கவில்லை, ரதியைப் பார்க்கவில்லை. பங்கஜத்தைப் பார்த்தான். அவளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஏதோ மெல்ல இறங்கியது. ரொம்ப நேரமாகக் குதிகாலைத் தூக்கி நின்றவள் பாதத்தைத் தரையில் வைத்த மாதிரி இருந்தது. தூக்கிய கையை அவன் கீழே போட்டான். சடையைக் கழற்றிக் கிச்சாவின் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். பின்னால் மெஹபூப் பாஷாவின் விசில் ஒலித்தது. நெருப்பின்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

தொட்டிக் குழாயடியில் விபூதியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பாஷா வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“அந்தப் பொண்ணு வெளிய நிக்குது,” என்றார். “நான் உன்ன எதுவும் கேட்டதில்ல, இப்பவும் கேக்கல. ஆனா அது கேட்டா சொல்லிடு. நான் தெருவுல ரவுண்டு போறேன்.”

பங்கஜம் உள்ளே வந்து சவுக்கு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. புடவைத் தலைப்பில் ஈரச் சாம்பல் தெறித்திருந்தது.

“எங்க உட்டே?”

அவன் சொன்னான். மலையை, வாந்தியை, மரத்தை, கொட்டாங்கச்சியை, ஓடையை, தூங்கிப்போனதை, காலையில் எந்தப் பக்கம் நடந்தான் என்பதை. மூன்றாம் நாள் எழுப்பச் சொன்னதையும் சொன்னான். எதையும் மெழுகவில்லை. நடுவில் நிறுத்தினால் மறுபடி பொய் சொல்லிவிடுவோம் என்ற பயத்தில் தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அழ வேண்டும் போலிருந்தது. அதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டான்.

“அப்போ உசிரு இருந்திச்சி,” என்றாள்.

“இருந்திச்சி.”

“திரும்பிப் பாத்தியா?”

“பாக்கல.”

அவள் கட்டைகளின்மேல் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தேய்ந்த நகத்தால் ஒரு கட்டையின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருசமாண்ணா,” என்றாள், அண்ணா என்ற சொல் பழக்கத்தில் வந்து அவளையே தைத்த மாதிரி கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு வருசமா ராத்திரி சோத்துல ஒரு பங்கு எடுத்து மூடி வெப்பேன். திடீர்னு வந்து நின்னா பசியோட இருப்பாரேன்னு. காலீல தண்ணி ஊத்தி நானே தின்னுட்டு வேலைக்குப் போவேன். செத்தவனுக்கு வெச்ச சோத்தத் தின்னுகினு இருந்திருக்கேன்.”

அவன் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தான். தெருவிலிருந்து நீர் பட்டுச் செத்த நெருப்பின் கரி நாற்றம் வந்துகொண்டிருந்தது.

“அவருக்குப் புள்ள இல்ல,” என்று கடைசியில் எழுந்துகொண்டே சொன்னாள். “கூடப் பொறந்தவனும் இல்ல. வைக்கோலுல உருவம் கட்டி வெச்சிக் கொள்ளி போடுவாங்களாம். பெரியவருகிட்ட நானே சொல்லிடறேன். மூணாம் நாள் நீ வந்து வெக்கணும்.”

“நானா?”

“பின்ன யாரு?”

செய்தி மறுநாள் விடிவதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. தாண்டவராயன் தொட்டி வாசலில் வந்து நின்று, காறித் துப்பிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். அவனோடு டீ குடிக்கிறவர்கள் கடையில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கிச்சா மட்டும் கூப்பிட்டுத் தலையைச் சிரைத்துவிட்டான். கொள்ளி வைக்கிறவனுக்குச் செய்ய வேண்டியது அது. கத்தி உச்சியில் ஓடியபோது, “நானா இருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு ராவெல்லாம் ரோசனை பண்ணேண்ணா,” என்றான். என்ன பண்ணியிருப்பான் என்பதைச் சொல்லவில்லை. மாணிக்கவாசகம் கேட்கவுமில்லை. அந்த இரண்டு நாளும் அவன் எந்த மரத்தடியையும் பார்க்கவில்லை. இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். முருங்கை இருந்த பக்கம் முதுகைக் காட்டியே வேலை செய்தான்.

மூன்றாம் நாள் காலையில் கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குப் போனார்கள். காமனை எழுப்ப வேண்டிய நாளில் தெருவில் பாயசம் காய்ச்சவில்லை. தாண்டவராயன் வந்திருந்தார், முகம் கொடுக்கவில்லையே தவிர வந்திருந்தார். மெஹபூப் பாஷா வண்டியில் விறகை அனுப்பிவிட்டு, பின்னாலேயே வந்து வெளிச்சுவர் ஓரம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். பெண்கள் மயான வாசலிலுள்ள அரிச்சந்திரன் கல்லோடு நின்றுவிட வேண்டும். பங்கஜம் அத்தையோடு அங்கே நின்றாள். இன்னும் தாலி கழுத்தில்தான் இருந்தது.

வெட்டியான் வைக்கோல் பிரியை உதறிப் போட்டு மூங்கில் பிளாச்சில் உருவம் கட்டத் தொடங்கினான். கையும் காலும் வைத்து, தலைக்குத் தேங்காய் வைத்து, தர்ப்பையால் சுற்றினான். பாதி கட்டிவிட்டு நிமிர்ந்து, “ஆளு எம்மாம் ஒசரங்க?” என்று கேட்டான்.

மாணிக்கவாசகம் வாயைத் திறந்தான். பதினைந்து வருஷம் கூடவே நடந்தவன், கூடவே படுத்தவன். எவ்வளவு உயரம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தாண்டவராயன் தன் தோளைத் தொட்டு இவ்வளவு இருக்கும் என்று ஏதோ சொன்னார். வெட்டியான் சரி என்று கால்களை முடிந்துவிட்டு அதைத் தூக்கி விறகின்மேல் கிடத்தினான். விறகின் பாதி தூரத்துக்குத்தான் வந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் படுத்திருப்பது போலிருந்தது.

“அது அவரு இல்ல,” என்று ஒரு குரல் கேட்டது.

பங்கஜம் கல்லைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். அத்தை புடவையைப் பிடித்து இழுத்ததை அவள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வெட்டியான் வேண்டாம் என்று கையை ஆட்டினான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டான். விறகுக்குப் பக்கத்தில் வந்து நின்று உருவத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“அவுத்துக் கட்டு. ஒசரம் பத்தாது.”

“எம்மாம் வெக்கணும், தாயி?”

அவள் வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, தன் தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்து, இன்னும் இரண்டு விரற்கடை மேலே ஏற்றினாள். வெட்டியான் முடிச்சை அவிழ்த்து, புதிதாக வைக்கோலை எடுத்துக் கால்களை நீட்டத் தொடங்கினான். நடுவில் நடுவில் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டான். கடல்காற்று வைக்கோலைக் கலைத்தது. அவன் மறுபடி சேர்த்துப் பிடித்துக் கட்டினான். அவள் கையை இறக்கவேயில்லை.